பெயிண்டர் உடம்பில் ஏறும் ஈயம்: வழித்து எடுக்க முடியாது, வழியை அடைக்கலாம்

இருபத்திரண்டு வருஷமாகப் பழைய கேட், கிரில் சுரண்டி எனாமல் அடிக்கிறேன். சாயங்காலம் வாழைப்பழமும் வெல்லமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று மேஸ்திரி சொன்னார், தின்றேன். அப்புறம் உள்ளங்காலில் ஒட்டும் 'நச்சு நீக்கும்' பட்டை வாங்கினேன். விடிந்து பார்த்தால் கருப்பு. எனக்கோ ஒரே சந்தோஷம். வீட்டுக்காரி புதுப் பட்டை ஒன்றை இட்லிப் பானை ஆவியில் காட்டினாள். அதுவும் கருத்தது. இட்லிப் பானை எந்தக் கேட்டைச் சுரண்டியது?

ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னது ஒரு சித்த மருத்துவர்தான். இருந்தது. ஏறிய ஈயம் எலும்பில் போய் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும், வியர்வையில் வழித்து எடுக்க முடியாது என்றார். அளவு மிக அதிகமானால் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கென மருந்து உண்டு. பற்பம், செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடிகளை நாமாக வாங்கித் தின்னவே கூடாது. சிலவற்றில் ஈயம், பாதரசம் சேர்வதுண்டு.

ஆகவே உள்ளே போகும் வழியை அடைப்பதுதான் வேலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு என்றால் சந்தேகப்படு தம்பி. உலர்ந்த உப்புத்தாள் போடாதே. வாட்டர் பேப்பரை நனைத்து, கேட்டையும் நனைத்துத் தேய். வழிகிற சேறு கீழே விரித்த பாலிதீனில் விழட்டும். காய்வதற்குள் சுருட்டிக் கட்டு. கிரைண்டர், தீ வைத்து உரிப்பது இரண்டும் வேண்டாம். துணி மாஸ்க் இந்தத் தூசிக்குப் பத்தாது, குறைந்தது என்95 போடு.

பீடிக்கும் டீக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவு. தின்னரில் துடைத்த கை கழுவிய கை ஆகாது. வெறும் வயிற்றில் வேலைக்கு ஏறாதே, காலி வயிறு ஈயத்தை அதிகம் இழுக்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பும் அப்படித்தான். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, மோர் போதும், பொடி டப்பா வேண்டாம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விடவில்லை, தோள்பட்டைக்கு அவ்வளவு சுகம். ஆனால் வேலைச் சட்டையையும் லுங்கியையும் வாசலிலேயே கழற்றித் தனி வாளியில் போடுகிறேன். அந்த வாளியில் சிவப்பு எனாமலால் ஒரு கோடு. பேத்தி உடுப்பு அதில் விழுந்தால் வீட்டில் சண்டைதான்.