லைப்ரரியில் பாதுகாப்புக் குறை என்று செய்தி வந்தால் நிரலாளர் என்ன செய்ய வேண்டும்?

பரவலாகப் புழங்கும் ஒரு லைப்ரரியில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் செய்தி வந்தவுடன், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதுப்பிக்கத் தொடங்குவோர் உண்டு. நமக்கு என்ன வந்தது என்று கடந்துபோவோரும் உண்டு. செய்தியை முழுதாகப் படித்தால் இரண்டுக்கும் இடமிருக்காது. எந்தப் பதிப்புகளில் குறை இருக்கிறது, அந்தப் பதிப்பு நம்மிடம் இருக்கிறதா, வெளியாள் அதை எட்ட முடியுமா என்ற மூன்றையும் இதே வரிசையில் விசாரிக்க வேண்டும்.

பதிப்பு விவரத்தைத் தலைப்புச் செய்தியில் தேடாதீர்கள். ஒவ்வொரு பாதுகாப்புக் குறைக்கும் தரப்படும் அடையாள எண்ணான சிவிஇ எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களின் அறிவிப்புக்கே செல்லுங்கள். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் குறை, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்தது. அவற்றைவிடப் பழைய 1.0.0, 0.9.8 வரிசைகளில் இல்லை. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராயுண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவது ஏன் என்று துருவிப் பார்த்தபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் யாரோ ரகசியமாக நுழைவதற்கான பின்வாசல் வைத்திருப்பது தெரியவந்தது. அது 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில் மட்டுமே இருந்தது. டெபியன் லினக்ஸின் நிலையான வெளியீட்டுக்கு அவை வந்து சேரவே இல்லை. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: லினக்ஸ் வழங்குநர்கள் பெரும்பாலும் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பதால், எண்ணைப் பார்த்து முடிவுகட்டாமல் வழங்குநரின் பாதுகாப்பு அறிவிப்பையும் படிக்க வேண்டும்.

அடுத்த கேள்விக்குத்தான் அதிக உழைப்பு வேண்டும். நீங்கள் நேரடியாகச் சேர்த்த லைப்ரரிகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு 'நம்மிடம் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்களில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் லாக்4ஜே லைப்ரரியின் குறை, அதாவது சிவிஇ-2021-44228, வெளியானபோது, அந்த லைப்ரரியைத் தாமாகச் சேர்க்காத குழுக்களிடமும் வேறொரு லைப்ரரி வழியாக அது வந்து உட்கார்ந்திருந்தது. ஜாவாவுக்கான மேவனில் சார்புகளை, அதாவது நிரல் சார்ந்திருக்கும் லைப்ரரிகளை, மரமாகக் காட்டும் கட்டளையையும், ஜாவாஸ்கிரிப்டுக்கான என்பிஎம்மில் நிறுவப்பட்ட எல்லாவற்றையும் பட்டியலிடும் கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். அதோடு நிற்காமல், சர்வரில் உண்மையாக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையும் திறந்து பாருங்கள். ஜாவா உலகில் நிரலைப் பொதிந்து வைக்கும் ஒரு ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜார், அதற்குள் மற்றொன்று என்று பொதிந்திருப்பது சாதாரணம் என்பதால், கோப்பின் பெயரைத் தேடினால் போதாது. லாக்4ஜேயில் குறைக்குக் காரணமான ஜேஎன்டிஐலுக்அப் என்ற கிளாஸ் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொரு அடுக்கிலும் தேட வேண்டியிருந்தது. விலைக்கு வாங்கிய மென்பொருள்களையும், நிரலைத் தொகுக்கும் பில்டு சர்வரையும், கண்காணிப்புக் கருவிகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றைத் தந்தவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வெளியாள் எட்ட முடியுமா என்பதில் அவசர முடிவு ஆபத்தானது. லாக்4ஜேயில், பதிவு செய்யப்படும் ஏதேனும் ஓர் உரைக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், அந்த லைப்ரரி அங்கே சென்று நிரலை இறக்கி இயக்கும் வாய்ப்பு இருந்தது. பயனர் பெயரோ, உலாவி தன்னை அறிமுகப்படுத்தும் வரியோ போதும். அந்த உரை முன்வாசல் சர்வரைக் கடந்து, இணையத்துக்குத் திறக்கப்படாத உள் சர்வரில் பதிவாகும்போதும் குறை வேலை செய்யும். ஆகவே, எட்ட முடியாது என்று தெளிவாக நிறுவ முடியாத இடத்தில், எட்ட முடியும் என்றே கொள்வது என் பரிந்துரை.

புதுப்பிக்கும்போது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தனியாக வெளியிடுங்கள். காத்திருக்கும் மற்ற மாற்றங்களை அதனுடன் சேர்க்காதீர்கள். முதல் திருத்தமே கடைசித் திருத்தமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். லாக்4ஜேயில் 2.15.0-ஐ அடுத்து 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அதே மாதத்தில் மேலும் மூன்று வெளியீடுகள் வந்தன. ஆகவே சில வாரங்களுக்கு அறிவிப்புப் பக்கத்தைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பைக் குழுவில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

வட்டில் புதிய பதிப்பு வந்துவிட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை பழைய லைப்ரரியையே நினைவகத்தில் வைத்திருக்கும் என்பதால், அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஹார்ட்பிளீட் போல நினைவகத்தில் உள்ளதைக் கசியவிடும் குறையாக இருந்தால், மறையாக்கத்துக்கான தனித்திறவுகோல்களும் வெளியே போயிருக்கலாம். அப்போது முதலில் லைப்ரரியைத் திருத்தி, பிறகு புதிய திறவுகோல்களை உருவாக்கிச் சான்றிதழ்களை மாற்றி, பழையவற்றை ரத்துசெய்து, அதன் பின்னரே பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டும். திருத்துவதற்கு முன் மாற்றப்பட்ட கடவுச்சொல்லும் அதே ஓட்டை வழியாகக் கசியக்கூடும்.