ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தநாளக் காயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் ஜவ்வை ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) மூலம் சரிசெய்யும்போது ரத்தநாளம் காயப்படுவது மிக அரிது. அரிது என்பதாலேயே அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பயிற்சிக் காலத்தில் நான் செய்த தவறுகளையே இன்று புதியவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

கெண்டைக்கால் வீங்கினால் ரத்தக்கட்டு என்று முடிவு கட்டுவது

இது இன்னும் எனக்கு எரிச்சல் தரும் தவறு. ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருவர் வீங்கிய காலோடு வருகிறார். ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கும் என்று முதலில் தோன்றும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்கேன் பார்க்காமலே, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை எழுதிவிடுகிறார்கள்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்ளிட்டியல் தமனி முழங்கால் மூட்டு உறைக்குப் பின்னால், அதை ஒட்டியே ஓடுகிறது. தொடைப் பக்கமும் கெண்டைப் பக்கமும் அது இறுகப் பிடிபட்டிருப்பதால் விலகிக்கொள்ள இடமில்லை. பின் சிலுவை ஜவ்வுக்காகக் கீழ்க்கால் எலும்பில் துளையிடும்போது டிரில் முனை கொஞ்சம் தாண்டினாலும் தமனிச் சுவர் கிழியலாம். கசியும் ரத்தம் பை போலத் தேங்கி, தமனியோடு சேர்ந்து துடிக்கும். இதுதான் போலி அனூரிசம். அது பெரிதாகிப் பக்கத்துச் சிரையை அழுத்தினால் கால் அப்படியே ரத்தக்கட்டு வந்த கால் மாதிரி வீங்கும். அந்த நேரத்தில் ஹெப்பாரின் கொடுத்தால் கசிவு நிற்காது, பை இன்னும் பெருக்கும்.

ஒரு இரவுப் பணியில் நானே இதைச் செய்தேன். ஸ்கேனைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மருந்தைத் தொடங்கினேன். விடிவதற்குள் முழங்காலின் பின்பக்கம் கல்லாக இறுகி, பாதம் மரத்துப்போனது. சீனியர் வந்து கை வைத்தார். "துடிக்குதே, தொட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் தொடவே இல்லை. கால் தப்பியது. ஆனால் பாதத்தைத் தூக்கி நடக்க அந்த இளைஞருக்குப் பல மாதங்கள் ஆயின.

அண்மையில் ஒரு ஜூனியர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார், ஆனால் சிரைக்கு மட்டும். ரத்தக்கட்டு இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். படிவத்தில் தமனி, சிரை இரண்டையும் எழுதுங்கள். அதற்கு முன் முழங்காலின் பின்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், ஸ்டெத்தை வைத்துக் கேளுங்கள்.

பாதத்தில் நாடி இருக்கிறதே என்று விட்டுவிடுவது

ஓரத்தில் கிழிந்த தமனி வழியாகவும் ரத்தம் பாதம் வரை போகும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் ரத்தநாளங்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுங்கள். சிறு கிளை மட்டும் காயப்பட்டால் இந்த விகிதமும் சரியாகவே இருக்கும்.

துடிக்கும் வீக்கத்தில் ஊசி குத்துவது

உள்ளே தேங்கியதை உறிஞ்சி எடுக்க ஊசி குத்தவே கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்

மூட்டுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் சேர்ந்தால் மூட்டைச் சுற்றிப் போகும் சிறு தமனிகளான ஜெனிகுலர் கிளைகளைச் சந்தேகியுங்கள். அவற்றை உலோகச் சுருள் (coil) வைத்து அடைக்கலாம். பையின் கழுத்து குறுகலாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைப் பைக்குள் செலுத்தலாம். முக்கியத் தமனியை அப்படி அடைத்தால் காலே போய்விடும். தமனிக்குள் வைக்கும் உறையிட்ட ஸ்டென்ட் குழாய் சில நேரம் கைகொடுக்கும். ஆனால் முழங்கால் நாள் முழுக்க மடங்கி நிமிரும் இடம், அங்கே ஸ்டென்ட் உடையலாம், அடைபடலாம். இளவயது நோயாளி என்றால் திறந்து, மற்றக் காலின் சிரையை வைத்துத் தைப்பதையே நான் விரும்புகிறேன்.

டூர்னிகெட்டை அவிழ்க்காமல் தையல் போடுவது

ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய அந்தப் பட்டையை அவிழ்த்து, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மூடுங்கள்.

வெளிறிய காலை ஸ்கேனுக்காகக் காக்க வைப்பது

பாதம் குளிர்ந்து, நாடியும் இல்லை என்றால் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போங்கள். ஏறக்குறைய 6 மணி நேரம் தாண்டினால் தசையும் நரம்பும் மீள்வது கடினம். ரத்த ஓட்டம் திரும்பிய பிறகும் தசை தன் இறுகிய உறைக்குள் வீங்கும். கால் விரலை மெல்ல அசைத்தாலே நோயாளி வலியில் துடித்தால், மறுநாள் ரவுண்ட்ஸ் வரை தள்ளிப்போடாமல் தசை உறைகளை அப்போதே திறந்துவிடுங்கள்.