பைத்தான் நிரலில் செயற்கூறுகளின் நேரத்தை அளப்பது எப்படி

மெதுவாக ஓடும் நிரலைத் திருத்த முனைபவர், எந்தச் செயற்கூறு (function) நேரத்தை விழுங்குகிறது என்று ஊகிப்பதைவிட, பைத்தானுடனேயே வரும் சி-புரொஃபைல் (cProfile) என்ற நேரம் அளக்கும் கருவியின் வழியாக முழு நிரலையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே முறை. முனையத்தில் பைத்தான் கட்டளைக்குப் பின் '-m cProfile -s cumtime' என்று கொடுத்து, அதன்பின் நிரல் கோப்பின் பெயரைத் தந்தால் போதும்.

கிடைக்கும் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'டாட்டைம்' (tottime) என்பது அந்தச் செயற்கூறு தன் சொந்த வரிகளில் செலவிட்ட நேரம். 'கியூம்டைம்' (cumtime) என்பது அது அழைத்த மற்றச் செயற்கூறுகளின் நேரத்தையும் சேர்த்த கணக்கு. கியூம்டைம் பெரிதாகவும் டாட்டைம் மிகச் சிறிதாகவும் இருந்தால், அந்தச் செயற்கூறைத் திருத்துவதில் பயனில்லை; அது யாரை அழைக்கிறது என்று கீழே இறங்கித் தேட வேண்டும். அழைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டும் 'என்கால்ஸ்' (ncalls) நெடுவரிசையையும் தவறாமல் பாருங்கள். தனித்தனியே விரைவாக முடியும் ஒரு செயற்கூறு, சுழற்சிக்குள் இலட்சக்கணக்கான முறை அழைக்கப்படுவதாலேயே சுமையாகியிருப்பது மிகச் சாதாரணம்.

ஒவ்வோர் அழைப்பையும் குறித்துக்கொள்வதால் சி-புரொஃபைலே நிரலைத் தாமதப்படுத்துகிறது. சிறு செயற்கூறுகள் உண்மையைவிட மெதுவாகத் தெரியும். ஆகவே அதை இடம் காட்டும் கருவியாக மட்டும் கொண்டு, துல்லியமான அளவைத் தனியே எடுக்க வேண்டும். அதற்கு டைம் (time) தொகுதியின் பெர்ஃப்-கவுண்டரை (perf_counter) அளக்க வேண்டிய செயற்கூறுக்கு முன்பும் பின்பும் அழைத்து, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். கணினியின் கடிகாரம் இடையில் சரிசெய்யப்பட்டால் அந்தக் கடிகாரத்தைப் படிக்கும் 'டைம்.டைம்' (time.time) தரும் விடை பிழையாகிவிடும். பெர்ஃப்-கவுண்டர் பின்னோக்கி நகர்வதில்லை. கோப்புக்கோ வலையமைப்புக்கோ காத்திருக்கும் நேரத்தை விலக்கி, கணினியின் செயலி (CPU) உழைத்த நேரம் மட்டும் வேண்டுமென்றால் அதே தொகுதியின் பிராசஸ்-டைமைப் (process_time) பயன்படுத்தலாம். இரண்டையும் ஒருசேர அளந்து ஒப்பிடுவதை நான் வலியுறுத்துவேன்: இடைவெளி பெரிதாக இருந்தால், நிரலின் படிமுறையை (algorithm) மாற்றுவதற்கு முன் அந்தக் காத்திருப்பைக் குறைக்க வழி தேட வேண்டும்.

மைக்ரோநொடிகளில் முடியும் சிறு நிரல் துண்டுகளுக்கு, அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளக்கும் டைம்-இட் (timeit) தொகுதி பொருத்தமானது. அதன் 'ரிப்பீட்' (repeat) செயற்கூறு, வேறு எண் தராவிட்டால், 10,00,000 முறை ஓட்டும் அளவீட்டை 5 தடவை செய்கிறது. அந்த ஐந்தில் சராசரியை அல்ல, மிகக் குறைந்த மதிப்பையே எடுங்கள். கூடுதலான மதிப்புகள் பெரும்பாலும் பிற செயல்களின் இடையூறால் வருபவை. அளக்கும்போது குப்பை சேகரிப்பை, அதாவது பயனற்ற பொருள்களை நினைவகத்திலிருந்து நீக்கும் வேலையை, டைம்-இட் நிறுத்திவைக்கிறது என்பதால், பொருள்களை ஏராளமாக உருவாக்கும் செயற்கூறுகளுக்கு அதன் விடை சற்றுச் சாதகமாகவே அமையக்கூடும்.

அளவிடும் வரிகளைப் பல இடங்களில் எழுதாமல் ஒரு டெக்கரேட்டரில் (decorator: வேறொரு செயற்கூறைச் சுற்றி உறையாக அமையும் செயற்கூறு) வைத்து, முடிவு நேரத்தைக் குறிக்கும் வரியை 'ஃபைனலி' (finally) பகுதியில் எழுதினால், பிழை எழுந்து செயற்கூறு பாதியில் நின்றாலும் அளவு பதிவாகும். ஆனால் மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டருக்கும் (generator), காத்திருக்கும்போது பிற வேலைகளுக்கு இடம்விடும் 'அசிங்க்' (async) செயற்கூறுக்கும் இந்தச் சாதாரண டெக்கரேட்டர் பொருந்தாது. அவற்றை அழைத்ததும் ஒரு பொருள் மட்டுமே உருவாகித் திரும்புகிறது. உள்ளே உள்ள வரிகள் பின்னரே ஓடுகின்றன. அசிங்க் செயற்கூறுக்கு, டெக்கரேட்டரின் உள் செயற்கூறையும் அசிங்க்காக எழுதி, 'அவெய்ட்' (await) முடிந்த பிறகே கடிகாரத்தைப் படிக்க வேண்டும்.