10% பஃபர் ஃபார்மலின்: கலப்பது முதல் திசுவைப் போடுவது வரை

வெட்டியெடுத்த திசு உடனே கெடத் தொடங்கும். செல்லுக்குள் இருக்கும் நொதிகளே செல்லைக் கரைத்துவிடும். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அதைத் தடுப்பதுதான் ஃபார்மலினின் வேலை.

முதலில் பெயர்க் குழப்பம். கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37 முதல் 40% ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ததே ‘10% ஃபார்மலின்’. உள்ளே இருப்பது சுமார் 4% ஃபார்மால்டிஹைடுதான். 10% ஃபார்மால்டிஹைடு என்று நினைத்துக் கலக்காதீர்கள்.

படி 1: கலத்தல் (1 லிட்டருக்கு)

- காய்ச்சி வடித்த நீர்: 900 மி.லி.
- சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (மோனோஹைட்ரேட்): 4 கிராம்
- டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் (நீரற்றது): 6.5 கிராம்
- கடை ஃபார்மலின்: 100 மி.லி.

உப்புகளை நீரில் முழுதாகக் கரைத்த பிறகே ஃபார்மலினை ஊற்றுங்கள். பி.எச். (அமில, கார அளவு) 6.8 முதல் 7.2 வரை இருக்க வேண்டும். பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு எடை போடுங்கள்: முதல் உப்பு டைஹைட்ரேட்டாக இருந்தால் 4.5 கிராம், இரண்டாவது டைஹைட்ரேட்டாக இருந்தால் 8.15 கிராம். பி.எச். தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஃப்யூம் ஹுட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு), நைட்ரைல் கையுறை இரண்டும் கட்டாயம்; ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

பஃபர், அதாவது பி.எச். மாறாமல் காக்கும் அந்த இரண்டு உப்புகள், போடாவிட்டால் என்ன? நாளடைவில் ஃபார்மிக் அமிலம் உருவாகும். அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து ஸ்லைடில் பழுப்புக் கறுப்புத் துகள்களாகப் படியும். மலேரியா நிறமியும் இப்படித்தான் இருக்கும் என்பதால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

படி 2: ஜாடி

வாய் அகன்றதாக இருக்கட்டும். திசு ஃபார்மலினில் இறுகிவிடும். குறுகிய வாய் வழியே திணித்ததைப் பிறகு முழுதாக வெளியே எடுக்க முடியாது. திசுவின் கன அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும், 20 மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. லேபிளை ஜாடியின் மேல் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. மூடி மாறிப்போகும்.

படி 3: வெட்டித் திறத்தல்

கலவையைச் சரியாகச் செய்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஃபார்மலின் முதல் ஒரு மணி நேரத்தில் தோராயமாக 1 மி.மீ. ஊறும், ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். முழு மார்பகத்தையோ கருப்பையையோ அப்படியே அமிழ்த்தி வைத்தால் வெளிப்பகுதி விறைத்திருக்கும், நடுப்பகுதி அழுகியிருக்கும். பெரிய உறுப்பை 1 செ.மீ. இடைவெளியில் கீறி, இடையில் காகிதத் துண்டு செருகுங்கள். குடலைத் திறந்து கழுவுங்கள். கேசட்டில் (திசுத் துண்டை வைக்கும் சிறு துளைப்பெட்டி) வைக்கும் துண்டு 3 முதல் 4 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது.

படி 4: நேரம்

ஊறுவது வேறு, பிணைவது வேறு. சிறு பயாப்ஸிக்குள் (சோதனைக்கு எடுத்த திசுத் துண்டு) ஃபார்மலின் சீக்கிரம் நுழைந்துவிடும். ஆனால் பிணைப்பு நிறைவடைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால், பிணையாத மீதிப் புரதத்தை ப்ராசசரில் (திசுவின் நீரை நீக்கி மெழுகேற்றும் கருவி) இருக்கும் ஆல்கஹால் திரள வைக்கும். ஒரே ஸ்லைடில் ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி. மார்பகப் புற்றில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), ஹெர்-2 (வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) சோதனைக்கு 6 முதல் 72 மணி நேரம் என்பது வரையறை. அறுவைக்கும் ஃபார்மலினுக்கும் இடைவெளி 1 மணி நேரத்துக்குள்.

ஃபார்மலினில் போடக் கூடாதவை

காசநோய்க் கல்ச்சருக்கான துண்டு: கிருமி செத்துவிடும். ஃப்ரோசன் செக்‌ஷன்: திசுவை உறையவைத்துச் சீவிப் பார்ப்பது; ஈரமில்லாமல், உடனே அனுப்புங்கள். தோல் அல்லது சிறுநீரக இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் எதிர்ப்பொருளால் பார்க்கும் சோதனை): மிஷெல் திரவம் (திசுவை அனுப்பப் பயன்படும் கரைசல்). கவுட் (மூட்டில் யூரிக் அமிலம் சேரும் நோய்) படிகங்கள் நீரில் கரைந்துவிடுவதால் அவற்றுக்குத் தூய ஆல்கஹால்.