மேடையில் ஏறாமலே சப்பாத்தி திருடிய மணி

எங்கள் நாட்டு நாய் மணிக்கு இரண்டு வயது. போன மாதம் பத்து நாள் தொடர்ந்து சமையல் மேடையில் வைத்த சப்பாத்தி காணாமல் போனது. பாத்திரம் தரையில் கவிழ்ந்து கிடக்கும். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் பாதி உள்ளே போயிருக்கும்.

முதலில் திட்டினேன். தின்று முடித்த பிறகு திட்டினால் எதற்கென்று அதற்குப் புரியாது. என்னைக் கண்டாலே பதுங்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். எலுமிச்சைத் தோலை ஓரமாக வைத்தேன். பலனில்லை. மிளகாய்ப்பொடி தூவச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. கண்ணில் பட்டால் பாவம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வீடியோ எடுத்தேன். மணி மேடையில் ஏறவே இல்லை! சூடான பாத்திரத்துக்கு அடியில் நான் விரிக்கும் கரித்துணியின் நுனி நாலு விரல் அளவு வெளியே தொங்கியது. பின்னங்காலில் நின்று அதைக் கவ்வி இழுத்தது. பாத்திரமும் கூடவே வந்தது. குருமாப் பாத்திரம் அப்படி விழாதது நல்ல காலம், வெங்காயம் நாய்க்கு ஆகாது.

துணிக்குப் பதில் பிரிமணை வைத்தேன். அதன்பிறகும் மூன்று நாள் மேடை ஓரத்தை நக்கிப் பார்த்தது. சிந்திய துணுக்குகூட அதற்குப் பரிசுதான் என்பதால் சமைத்ததும் துடைத்துவிடுகிறேன். சமைக்கும்போது வாசற்படியருகே சாக்கில் படுத்திருந்தால் மட்டும் அவ்வப்போது ஒரு துண்டு கேரட்.

இரண்டு வாரமாகத் திருட்டு இல்லை. நேற்று துணி தொங்கிய இடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சாக்கில் போய்ப் படுத்துக்கொண்டது.