கோனோடோன்ட் இனங்களைப் பிரிக்கும்போது: சாய்ந்த பல்லும் வேறு சில தவறுகளும்

கோனோடோன்ட் என்பது அழிந்துபோன, விலாங்கு போன்ற கடல் உயிரி. அதன் புதைபடிவப் பற்களின் வடிவத்தை அளந்துதான் இனம் பிரிக்கிறோம். கணினித் திரையில், பல்லுக்கு ஒன்றாக வரும் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றதும் "புது இனம்!" என்று துள்ளும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னுடைய பழைய முகம்தான் ஞாபகம் வருகிறது. அளவுகோல் வைக்காமல் படம் எடுப்பது, சீட்டை மாற்றி ஒட்டுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானாகவே திருந்திவிடும்.

சாய்வு

இது எனக்கு ஒரு வருட உழைப்பைத் தின்ற தவறு.

சுண்ணாம்புக் கல்லை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து எடுக்கும் இந்தப் பற்களை எலிமெண்ட் என்போம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். இனம் பிரிக்க நாம் அதிகம் நம்புவது பி1 எலிமெண்ட், அதாவது வாயின் பின்பகுதியில் இருந்த ஒரு வகைப் பல். அது தட்டையானதல்ல. பால்மட்டோலெபிஸ் என்ற கோனோடோன்ட் பேரினத்தில் பல்லின் தட்டே வளைந்து நெளிந்திருக்கும். ஒட்டும் நாடாவில் வைத்தால் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்குச் சாயும்.

ஒவ்வொரு படத்திலும் பல்லின் குறிப்பிட்ட இடங்களில் அடையாளப் புள்ளிகள் வைத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வடிவத்தை ஒப்பிடுவது புரோக்ரஸ்டீஸ் முறை. அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பினேன். அது இடத்தையும் அளவையும் நீக்கும். சுழற்சியையும் நீக்கும், ஆனால் படத்தின் தளத்துக்குள் நடக்கும் சுழற்சியை மட்டும். பல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 டிகிரி சாய்ந்தால் தட்டின் அகலம் 6 சதவீதம் குறையும். அதுகூடப் பரவாயில்லை. மேலே எழுந்து நிற்கும் முள்ளின் நுனி, தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் பக்கத்தில் நகர்ந்துவிடும். அந்த நுனியில்தான் நாம் அடையாளப் புள்ளி வைக்கிறோம்!

என் பிசிஏ படத்தில் (வடிவ வேறுபாடுகளை ஓரிரு அச்சுகளில் சுருக்கிக் காட்டும் வரைபடம்) இரண்டு கூட்டம் அழகாகப் பிரிந்தது. கட்டுரை வரைவு, பெயர் உட்பட, தயார். அப்புறம் ஒருநாள் படங்களைத் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு கூட்டம் முழுவதும் முதல் வாரம் எடுத்தது. மற்றது, நாடாவை மாற்றிய பிறகு எடுத்தது. நான் கண்டுபிடித்தது ஒட்டும் நாடாவின் இனத்தை.

இதில் பாதிக்கப்படுவது நம் மானம் மட்டுமல்ல. பெர்மியன், டிரையாசிக் என்ற இரு புவியியல் காலங்களுக்கு இடையிலான எல்லையே சீனாவின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற ஒரு கோனோடோன்ட் இனம் முதலில் தோன்றும் மட்டத்தை வைத்துத்தான் 2001இல் உறுதிசெய்யப்பட்டது. இனத்தைத் தவறாகப் பிரித்தால் பாறையின் வயதும் தவறும்.

ஆகவே முதல் நாளே பத்து எலிமெண்ட்களை எடுத்து, ஒவ்வொன்றையும் கழற்றி மீண்டும் வைத்து மூன்று முறை படம் பிடியுங்கள். ஒரே பல்லின் படங்களுக்கிடையே வரும் வேறுபாடு, பல்லுக்குப் பல் வரும் வேறுபாட்டை நெருங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். மைக்ரோ சிடி (சிறு பொருள்களை முப்பரிமாணத்தில் படம்பிடிக்கும் எக்ஸ்ரே ஸ்கேன்) கிடைத்தால் முப்பரிமாணத்துக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால், எந்தப் பகுதி கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்து, அதை எழுதியும் வையுங்கள். "மேலிருந்து எடுத்தது" என்பது விதி ஆகாது.

குட்டியும் பெரியதும்

இந்தப் பற்கள் வெளிப்புறம் படலம் படலமாக வளர்பவை. வளர வளர வடிவமும் மாறும். அளவை நீக்கினாலும் வளர்ச்சியால் வந்த வடிவ மாற்றம் அப்படியே இருக்கும். சென்ட்ராய்டு அளவோடு (அடையாளப் புள்ளிகளிலிருந்து கணக்கிடும் பல்லின் அளவு) வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் இனம் பற்றிப் பேச வேண்டாம்.

சிவிஏ படத்தை நம்புவது

சிவிஏ என்பது நாம் சொல்லும் குழுக்களை முடிந்தவரை விலக்கிக் காட்டும் கணக்கு. குழுக்களை நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டு, அது பிரித்துக் காட்டியதும் வியப்பதில் என்ன இருக்கிறது? மாதிரிகள் குறைவு, அடையாளப் புள்ளிகள் அதிகம் என்றால் எதையும் பிரித்துக் காட்டும். குழுப் பெயர்களைக் கலைத்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கூட்டங்கள் பிரிந்தால் அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

இடமும் வலமும்

இடப்பக்கப் பல்லையும் வலப்பக்கப் பல்லையும், ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித்தான் ஒப்பிட வேண்டும். சில இனங்களில் இரண்டும் பிம்பங்களே அல்ல. அங்கே தனித்தனியாகப் பாருங்கள்.

ஒடிந்த நுனி

ஊகித்துப் புள்ளி வைக்காதீர்கள்.