மலைப்பாதைச் சைக்கிளுக்கு ஏற்ற கால்சட்டை: என் அனுபவம்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நான் அணிந்த பருத்தி ஜீன்ஸ், வியர்வையும் சேற்றுநீரும் பட்டவுடன் கனத்துத் தொடையோடு ஒட்டிக்கொண்டது. கவட்டில் நான்கு தையல்கள் ஒன்றுகூடும் தடித்த இடமோ, இருக்கையில் உராய்ந்து தோலைப் புண்ணாக்கியது. இதற்கென்றே விற்கப்படும் கால்சட்டைகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே, மலையேற்றத்துக்கான மெல்லிய நைலான் கால்சட்டைகளில், சிறிதளவு எலாஸ்டேன் (இழுபட்டு மீளும் இழை) கலந்ததாகவும், கவட்டில் தனித் துண்டு வைத்துத் தைத்ததாகவும் ஒன்றைத் தேடினேன். அந்தக் கவட்டுத் துண்டுதான் மிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தையல்கள் கூடும் இடத்தை அது இருக்கை படும் பகுதியிலிருந்து விலக்கிவிடுகிறது.

வாங்குவதற்கு முன், முழங்கால் காப்பை உள்ளே அணிந்து, ஒரு காலை இடுப்பளவுக்கு உயர்த்தி மடக்கிப் பார்த்தேன். நின்ற நிலையில் கச்சிதமாக இருந்த இரண்டு கால்சட்டைகள் அப்போது முழங்காலில் இறுகிப் பிடித்ததால் அவற்றைத் தவிர்த்தேன். இறுதியாக வாங்கியதில் கணுக்கால் பகுதி மட்டும் அகலமாக இருந்தது. முன்பு ஒருமுறை சங்கிலியில் சிக்கித் துணி கிழிந்திருந்ததால், தையற்காரரிடம் கொடுத்து, பாதம் நுழையும் அளவுக்கு மட்டும் இடம்விட்டுக் குறுக்கிக்கொண்டேன். மெத்தை வைத்த உள்கால்சட்டையைத் தனியாக அணிவதால், மேலே அணிவதில் மெத்தை தேவைப்படவில்லை.